17 வருஷம் விடாத கோரிக்கை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்



நம்ம ஊரில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நாம் முதலில் கேட்கிற கேள்வி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு பண்ணியாச்சா, முத்துலட்சுமி பணத்துக்கு எழுதிக் கொடுத்தாச்சா என்பதுதான். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் பெறுமானமுள்ள உதவி அது. நம்ம குழுக்களில் எத்தனையோ மகள்களும் மருமகள்களும் அதை வாங்கியிருக்கிறார்கள். பாரத்தில் அந்தப் பெயரை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம். ஆனால் அந்த அம்மா யார், என்ன பாடுபட்டார் என்று நம்மில் பல பேருக்குத் தெரியாது.

மலருக்கு ஒரு பெரிய மனுஷியின் வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள் என்று மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டபோது, நான் இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம்ம கூட்டமைப்பில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறோம். எந்தக் கட்சியும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறோம். சாதாரண நாளில் ஒரே பாயில் உட்கார்ந்து சேமிப்பு கட்டுகிறோம். ஒருத்தி கடனுக்கு இன்னொருத்தி பொறுப்பேற்கிறோம். தேர்தல் வந்துவிட்டால் அதே பாயில் இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். தேர்தல் முடிந்து மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று. யார் வந்தாலும் நமக்கு ஒண்ணும் ஆகப் போறதில்லை, கிராம சபைக்கு எதுக்குப் போகணும், மனு எதுக்கு எழுதணும் என்று நம்ம பெண்கள் சலித்துக்கொள்கிறார்களே, அந்தச் சலிப்பு. சண்டை என்றைக்காவது ஆறும். சலிப்பு உள்ளே இருந்து கரையான் மாதிரி அரிக்கும்.

முத்துலட்சுமி அம்மையார் வாழ்ந்த காலம் நம்ம காலத்தைவிடப் பிளவுபட்ட காலம். அந்தக் காலத்தில் அவர் சலிக்காமல் எப்படி இருந்தார் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பிறப்பும் படிப்பும்

அம்மையார் 1886 ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், அங்கே மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பெண் குழந்தைக்குச் சின்ன வயசிலேயே கோயிலில் பொட்டுக் கட்டி, இனி இவள் சாமிக்கு மனைவி, ஊரில் யாரையும் கல்யாணம் பண்ணக்கூடாது என்று ஆக்கிவிடுகிற வழக்கம் அன்றைக்கு இருந்தது. அந்தப் பெண்களுக்குப் பாட்டும் நடனமும் தெரியும், எழுதப் படிக்கவும் தெரியும். ஆனால் வாழ்க்கை யாரோ ஒரு பணக்காரர் கையில். ஒரு பக்கம் ஐயர் வீட்டு உறவு, இன்னொரு பக்கம் தாசி வீட்டுப் பெயர். இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த பெண் குழந்தை இவர். ஊர் எப்படிப் பிரிந்து நிற்கும் என்பதை வீட்டுக்குள்ளேயே பார்த்தவர்.

அந்தக் காலத்தில் வயசுக்கு வந்த பெண் பள்ளிக்கூடம் போவதில்லை. முத்துலட்சுமி வீட்டிலிருந்து படித்தே மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அது ஆண்கள் படிக்கிற கல்லூரி. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு வந்தது. அவர் பிறப்பையும் இழுத்துப் பேசினார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதையெல்லாம் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்தார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் பதக்கங்களோடு டாக்டராக வெளியே வந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று கேட்டு, அவர் ஒத்துக்கொண்ட பிறகே கழுத்தை நீட்டினார் அம்மையார். இரண்டு ஆண் பிள்ளைகள். கைராசிக்காரப் பெண் டாக்டர் என்று பெயர் எடுத்து, பிரசவமும் பெண்கள் வியாதியும் பார்த்து வந்தார். மேற்பயிற்சிக்காக 1925இல் இங்கிலாந்துக்கும் போய் வந்தார்.

இத்தோடு நின்றிருந்தாலே பெரிய வாழ்க்கைதான். ஆனால் வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. பெண்களுக்கு வருகிற பாதி வியாதி உடம்பில் தொடங்கியது அல்ல. பத்து வயசில் கல்யாணம், பதிமூணு வயசில் பிரசவம், படிப்பு இல்லை, கையில் காசு இல்லை. இதற்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது. சட்டம்தான் எழுத வேண்டும். 1917இல் சென்னை அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் அவர் முதலிலிருந்தே இருந்தார். மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் தொடங்கிய சங்கம் அது. பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று கேட்ட சங்கம். 1921இல் சென்னை மாகாணத்தில் சொத்துள்ள பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அந்தச் சங்கத்தின் ஸ்திரீ தர்மா பத்திரிகைக்கு அம்மையார் ஆசிரியராகவும் இருந்தார்.

பிளவுபட்ட சபையில் ஒரே ஒரு பெண்

1926 கடைசியில் சென்னை சட்டசபைக்கு அவரை நியமன உறுப்பினராக அழைத்தார்கள். நல்லா ஓடிக்கொண்டிருந்த வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு வர அவருக்கு முதலில் தயக்கம் இருந்தது. மாதர் சங்கத்துப் பெண்கள் விடவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவில் சட்டசபைக்குள் உறுப்பினராக உட்கார்ந்த முதல் பெண் இவர்தான்.

அந்தச் சபை எப்படி இருந்தது தெரியுமா? ஒரு பக்கம் காங்கிரஸைச் சேர்ந்த சுயராஜ்யக் கட்சி. எதிர்ப் பக்கம் நீதிக் கட்சி. நடுவில் சுயேச்சைகள். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. வெளியே பிராமணர், பிராமணரல்லாதார் என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வெள்ளைக்காரனோடு ஒத்துழைப்பதா வேண்டாமா என்று இன்னொரு சண்டை. அப்படி எதிலும் ஒத்துப்போகாத சபை, துணைத் தலைவராக யாரைப் போடலாம் என்று வந்தபோது முத்துலட்சுமி அம்மையாரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. அவர் எந்தக் கட்சிக் கொடியையும் பிடித்துக்கொண்டு உள்ளே வரவில்லை. பெண்களின் கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதனால் எல்லாப் பக்கத்துக்காரர்களிடமும் அவரால் பேச முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

சபையில் இருந்தது மூன்று வருஷத்துக்குச் சற்று மேல். அதற்குள் பெண் குழந்தைகளின் படிப்பு, பெண்களுக்கான ஆஸ்பத்திரி வசதி, பள்ளிக்கூடத்தில் மருத்துவச் சோதனை, குழந்தைத் திருமணம் என்று ஒவ்வொன்றாக எழுப்பினார். 1929இல் நாடு முழுவதற்கும் சாரதா சட்டம் வந்து, பெண்ணுக்குத் திருமண வயது 14 என்று ஆனது. இன்றைக்கு 18. அந்தப் படியில் முதல் கல்லைப் போட்டவர்களில் இவரும் ஒருவர்.

அவர் மனசுக்கு நெருக்கமான கோரிக்கை, பொட்டுக் கட்டும் வழக்கத்தை நிறுத்துவது. தன் அம்மா பிறந்த இடத்துப் பெண்களின் துயரம் அது. 1927 நவம்பரில் அதற்கான தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தார். 1929இல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. இதை நாம் கவனிக்கணும். தேவதாசிப் பெண்கள் பலருக்குக் கோயில் பணி செய்வதற்காக மானிய நிலம் இருந்தது. பணியை விட்டால் நிலம் போய்விடும். சோறு போய்விடும் என்றால் எந்தப் பெண் துணிந்து வெளியே வருவாள்? நிலத்தை இழக்காமலே அந்தப் பணியிலிருந்து விடுபட அந்தத் திருத்தம் வழி செய்தது. கடனும் வட்டியும் பார்த்துப் பழகிய நமக்கு இதன் அருமை உடனே புரியும். வயிற்றுக்கு வழி சொல்லாத சீர்திருத்தம் பேச்சோடு நின்றுவிடும்.

எதிர்த்தவர்களும் கைகொடுத்தவர்களும்

எதிர்ப்பு பல பக்கமிருந்தும் வந்தது. மதத்தில் கை வைக்கிறார் என்றார்கள். கலை அழிந்துபோகும் என்றார்கள். காங்கிரஸின் பெரிய பேச்சாளரான சத்தியமூர்த்தியே எதிர்த்தார். இதைவிட மனசு வலிக்கிற எதிர்ப்பு ஒன்று இருந்தது. தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் சங்கமாகக் கூடி, எங்களுக்குச் சொத்துரிமை இருக்கிறது, கலை இருக்கிறது, எங்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள் என்று அரசாங்கத்துக்கு மனு கொடுத்தார்கள். அவர்கள் பயத்திலும் ஒரு நியாயம் இருந்தது. நல்லது செய்யப் போகிற இடத்தில் யாருக்குச் செய்கிறோமோ அவர்களே எதிரே நிற்பது உண்டு. குழு தொடங்கின காலத்தில் வீடு வீடாய்ப் போன நமக்கு அது புதுசு இல்லையே.

கைகொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். காந்தியடிகள் ஆதரித்தார். காங்கிரஸை விட்டு வெளியேறி, காந்தியைக் கடுமையாக விமர்சித்துக்கொண்டிருந்த பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் ஆதரித்தார்கள். அந்த இயக்கத்தில் இருந்தவர்தான் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். நம்ம வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் வருகிற புதுமைப் பெண் திட்டம் இருக்கிறதே, அது அவர் பெயரில்தான். அவரும் தாசி வீட்டில் வளர்க்கப்பட்டு, அதை உதறி வெளியே வந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1936இல் அந்த வாழ்க்கையை வைத்து ஒரு நாவலும் எழுதினார்.

முத்துலட்சுமி அம்மையார் காந்தியைத் தலைவராக ஏற்றவர். இராமாமிர்தம் அம்மையார் 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்து, ராஜாஜியின் காங்கிரஸ் ஆட்சியில் சிறைக்குப் போனவர். தேர்தல் என்று வந்தால் இரண்டு பேரும் எதிர் எதிர்ப் பக்கம். சாமி விஷயத்திலும் ஒத்துப்போயிருக்க மாட்டார்கள். பொட்டுக்கட்டு ஒழியணும் என்பதில் மட்டும் ஒரே பக்கம். இன்றைக்கு நம்ம வீடுகளில் அம்மாவுக்கு ஒருவர் பெயரில் உதவி, மகளுக்கு இன்னொருவர் பெயரில் உதவி. அவர்கள் காலத்துக் கட்சிச் சண்டைகள் பல மறந்துபோயின. அந்தக் கோரிக்கை மட்டும் நம்ம வீடு வரைக்கும் வந்து நிற்கிறது.

பதவியை விட்டபோது

பொட்டுக் கட்டுவதையே சட்டப்படி குற்றமாக்கும் மசோதாவை அம்மையார் 1930இல் கொண்டுவந்தார். அந்த நேரத்தில் உப்புச் சத்தியாகிரகம். மே மாதம் காந்தியடிகள் கைதானார். அதைக் கண்டித்து அம்மையார் உறுப்பினர் பதவியையே ராஜினாமா செய்துவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப நேரம் யோசனையாக இருந்தது. மசோதா பாதியில் நிற்கிறது. அதைத் தூக்கிப் பிடிக்கச் சபைக்குள் இருந்த ஒரே பெண் அவர்தான். வெளியே வந்தது சரியா? இருந்து சட்டத்தை முடித்துவிட்டு வந்திருக்கலாமே என்று சில பேர் சொல்லலாம். ஊர்த் தலைவரையே சிறையில் போட்ட அரசாங்கம் கொடுத்த நாற்காலியில் எப்படி உட்கார்வது என்றும் சில பேர் சொல்லலாம். நம்ம குழுவில் வைத்துப் பேசினால் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. எல்லாக் கட்சிக்காரரிடமும் பேசியவர் என்பதால் அம்மையாருக்கு அரசியல் கருத்தே கிடையாது என்று நாம் நினைத்துவிடக் கூடாது. கருத்து இருந்தது. அதற்காகப் பதவியை இழக்கவும் துணிந்தார். கருத்து வைத்துக்கொள்வது வேறு, கருத்து மாறுபட்டவளைப் பகையாக்கிக்கொள்வது வேறு. முதலாவதை அவர் செய்தார். இரண்டாவதைச் செய்யவில்லை.

கதவு மூடினால் வேறு கதவு

பதவி போனது, மசோதா நின்றது. வேறு யாராக இருந்தாலும் நம்மால் ஆனது அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருப்பார்கள். அந்த வருஷமே அம்மையார் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். பொட்டுக்கட்டிலிருந்து தப்பித்து வந்த சிறுமிகள் சிலர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இந்தப் பிறப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளத் தயாரான விடுதி கிடைக்கவில்லை. சரி, நானே வைத்துக்கொள்கிறேன் என்று தொடங்கியதுதான் அந்த இல்லம். சட்டம் வரும்போது வரட்டும், அதுவரைக்கும் இந்தப் பிள்ளைகள் எங்கே தூங்கும், எங்கே படிக்கும்? அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொன்னார். பின்னால் அடையாறில் நிலைகொண்ட அவ்வை இல்லம் இன்றைக்கும் ஆதரவில்லாத பெண் குழந்தைகளைப் படிக்க வைக்கிறது.

சட்டமோ இழுத்துக்கொண்டே போனது. 1937 வரைக்கும் நீதிக் கட்சி ஆட்சி. பிறகு காங்கிரஸ் ஆட்சி. 1939இல் உலக யுத்தம் வந்து அந்த மந்திரிசபையும் விலகியது. 1946 வரைக்கும் கவர்னர் ஆட்சி. மறுபடி காங்கிரஸ் ஆட்சி. கடைசியில், நாடு சுதந்திரம் அடைந்த 1947இல்தான் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1930இலிருந்து கணக்குப் போடுங்கள், 17 வருஷம். மசோதா கொண்டுவந்தபோது 44 வயசை நெருங்கிக்கொண்டிருந்தவருக்குச் சட்டம் வந்தபோது 61 வயசு. நம்ம கட்சி வந்தால்தான் நடக்கும், அதுவரை சும்மா இருப்போம் என்று அவர் உட்கார்ந்திருந்தால் அந்தச் சிறுமிகளின் கதி என்ன?

அறுபதுக்கு மேல் ஒரு ஆஸ்பத்திரி

அம்மையாரின் தங்கை ஒருவர் இளம் வயசிலேயே புற்றுநோயில் இறந்துபோனார். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணம் அப்போதிலிருந்தே அவருக்கு. கேட்டவர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த வியாதி வந்தால் எப்படியும் சாவுதான், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்பது அன்றைக்குப் பரவலான எண்ணம்.

அம்மையார் மாதர் சங்கத்தை வைத்து நிதி திரட்டினார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாடு போய்ப் புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி பெற்று வந்தார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. டாக்டர் சாந்தா அம்மா வந்து சேர்ந்து, 2021இல் கண் மூடும்வரை அதற்காகவே உழைத்தார். இன்றைக்கு நம்ம பக்கத்து ஊர்களிலிருந்துகூட அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அந்தப் பெயர் கேட்டதும் ஒரு தெம்பு வருகிறதே, அது பெண்கள் சங்கம் ஒன்று வசூல் செய்து போட்ட விதை. நாம் மாதா மாதம் கட்டுகிற சேமிப்பைச் சின்னதாக நினைக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கணும்.

1954இல் மாநிலச் சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22ஆம் தேதி, 82 வயசு முடியச் சில நாள் இருக்கையில், சென்னையில் காலமானார்.

நமக்கு என்ன?

அம்மையார் வாழ்க்கையைப் படித்து முடித்தபோது, நம்பிக்கை என்றால் என்ன என்பதில் என் எண்ணமே மாறியது. நல்ல காலம் வரும் என்று காத்திருப்பதை நான் நம்பிக்கை என்று நினைத்திருந்தேன். அவர் காத்திருக்கவே இல்லை. சபைக்குள் இடம் இருந்தபோது மசோதா. சபை போனதும் இல்லம். இல்லம் நிலைத்ததும் ஆஸ்பத்திரி. கையில் அடுத்த வேலை இருந்துகொண்டே இருந்தது. வேலை இருக்கிறவருக்குச் சலிக்க நேரம் ஏது?

அவருக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. சபை முழுக்க ஆண்கள், நடுவில் அவர் ஒருவர். நம்ம உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. நம்ம கூட்டமைப்பிலிருந்தே வார்டு உறுப்பினராகப் போனவர்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. குடிதண்ணீர், தெருவிளக்கு, பள்ளிக்கூடக் கழிப்பறை, ஊரக வேலைத் திட்டக் கூலி என்று எதைக் கேட்கவும் அங்கே நமக்கு உரிமை இருக்கிறது. கேட்டது தீர்மானத்தில் ஏறியதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஏறவில்லை என்றால் அடுத்த சபையிலும் அதையே கேளுங்கள். தலைவர் மாறினாலும் கேளுங்கள். ஆட்சி மாறினாலும் கேளுங்கள்.

ஓட்டை யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள். அது உங்கள் உரிமை, அதை யாரும் கேட்க வேண்டாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி வேறு கொடி பிடிக்கிறாள் என்பதற்காக, இரண்டு பேருக்கும் வர வேண்டிய தண்ணீரை விட்டுவிடாதீர்கள். முத்துலட்சுமி அம்மாவும் இராமாமிர்தம் அம்மாவும் அதை விடவில்லை. அடுத்த தடவை மகப்பேறு உதவிக்குப் பாரம் நிரப்பும்போது, பக்கத்தில் இருக்கிற சின்னப் பெண்ணுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.